அரசு நிதி வாங்கும் தொண்டு நிறுவனத்தில் பாகுபாடா? எழுத்தில் கொடுங்கள்

தருமபுரிப் பக்கம் அரசு நிதியில் நடக்கும் பயிற்சி மையத்திலோ காப்பகத்திலோ சாதி, மதம், மாற்றுத்திறன் காரணமாக யாரையாவது ஒதுக்கினால், வாய்ச்சண்டையோடு விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். நாலு நாள் போனால் மனசு குழப்பிவிடும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் நிர்வாகியிடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். போக முடியாதவர்கள் முதலமைச்சர் உதவி மையமான 1100-க்குப் போன் செய்யலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை என்றால் அதற்கான தேசிய உதவி எண் 14566.

கணிசமான அரசு நிதி வாங்கும் நிறுவனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டமும் பொருந்தும். புகார் என்ன ஆனது என்று அதில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.