லைவில் அவதார் திக்குவது ஏன்? விடியூபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் முகத்துக்குப் பதில், கேமரா படிக்கும் முக அசைவுக்கேற்ப ஆடும் ஒரு கணினி உருவத்தை (அவதார்) காட்டி லைவ் போகிறவர்கள் விடியூபர்கள். அந்த உருவத்தின் மாடல், தனியாகத் திறந்து பார்த்தால் தண்ணீர் போல ஓடும். தலையைச் சாய்த்தால் சாயும், கண்ணைச் சிமிட்டினால் சிமிட்டும். கேமையும், லைவை ஒளிபரப்பும் ஓபிஎஸ் மென்பொருளையும் திறந்து லைவ் போன பத்தாவது நிமிடத்தில் அதே மாடல் திக்க ஆரம்பிக்கும். குரல் முன்னால் போகும், வாய் பின்னால் வரும். உடனே பலர் புது கிராஃபிக்ஸ் கார்டு என்ன விலை என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். செலவு அதிகமான தவறு இதுதான். பல மாதச் சேமிப்பைப் போட்டு கார்டு வாங்கியும் திக்கல் போகாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பிரச்சினை கார்டில் இருக்கவே இல்லை.

எங்கே அடைபடுகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்று ஒரு பலகை உண்டு. லைவ் ஓடும்போது அதைத் திறந்து வையுங்கள். மூன்று எண்கள் முக்கியம். ரெண்டரிங் லேகால், அதாவது காட்சியை வரையும் தாமதத்தால், தவறிய ஃபிரேம்கள் ஏறினால் ஜிபியுவுக்கு (கிராஃபிக்ஸ் சிப்புக்கு) மூச்சு முட்டுகிறது. என்கோடிங் லேகால் விட்டுப்போன ஃபிரேம்கள் ஏறினால் வீடியோவைச் சுருக்கும் வேலை ஈடுகொடுக்கவில்லை. நெட்வொர்க் கணக்கில் ஃபிரேம்கள் விழுந்தால் இணைய இணைப்பைப் பாருங்கள், மாடலைத் தொடாதீர்கள். மூன்றும் பூஜ்யத்திலேயே நிற்க, அவதார் மட்டும் திக்குகிறதா? அப்படியானால் முகத்தைப் படிக்கும் கேமராவிலோ, அவதார் ஆப்பிலோ கோளாறு.

ரெண்டரிங் லேக் என்றால் முதலில் கேமைக் கட்டுப்படுத்துங்கள். கேம், அவதார் ஆப், ஓபிஎஸ் மூன்றும் ஒரே ஜிபியுவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எஃப்பிஎஸ்ஸுக்கு (வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்கு) வரம்பு வைக்காத கேம் கிடைத்ததையெல்லாம் தின்றுவிடும். 60 ஃபிரேமில் போகும் லைவுக்கு கேம் 140-ல் ஓடி என்ன பயன்? 60-ல் பூட்டுங்கள். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் ஜிபியுவில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். இந்த இரண்டும் காசில்லாத வேலை.

இனி மாடலுக்கு வருவோம். தட்டையான படத்தை அசைய வைக்கும் லைவ்2டி மாடல்களில் அடிக்கடி பார்க்கும் தவறு, டெக்ஸ்சரை, அதாவது மாடலின் பாகங்கள் வரைந்திருக்கும் படத் தாளை, அளவுக்கு மீறிப் பெரிதாக வைப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட். ஆக, மெமரியில் 64 எம்பி. பிஎன்ஜி கோப்பு 10 எம்பிதானே என்று நினைக்காதீர்கள். ஜிபியுவில் அது விரிந்துதான் உட்காரும். 8192 ஆக்கினால் பக்கம்தான் இரட்டிப்பு, மெமரி நான்கு மடங்கு: 256 எம்பி. அப்படி மூன்று தாள் இருந்தால் 768 எம்பி. 4 ஜிபி கார்டில் கேமும் சேர்ந்து ஓடும்போது இது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் கொடுத்து பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? 1080பி திரையின் மூலையில் 500 பிக்சல் உயரத்தில் நிற்கும் அவதார். ஒரு மாடலில் கண் இமை முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு முடியின் நுனியிலும் மெல்லிய நீலச் சாயல். அருமையான கைவேலை. லைவில் அந்த இமை முழுவதும் சேர்ந்து நான்கைந்து பிக்சல் தடிமனுள்ள ஒரு கறுப்புக் கோடு. போதாக்குறைக்கு, மிகப் பெரிய படத்தை மிகச் சிறிதாக்கிக் காட்டும்போது முடியின் ஓரங்கள் பொடிப்பொடியாக மினுங்கவும் செய்யும். முழுத்திரையில் முகத்தை நெருக்கிக் காட்டிப் பாடுகிறவர்களுக்குப் பெரிய டெக்ஸ்சர் தேவைதான். கேமுக்குப் பக்கத்தில் நிற்கும் அவதாருக்குத் தேவையில்லை. வரைந்த மூலக் கோப்பைப் பெரிதாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுமதியைச் சிறிதாக்குங்கள்.

அடுத்தது கிளிப்பிங் மாஸ்க், அதாவது ஒரு படம் இன்னொன்றின் எல்லைக்குள் மட்டும் தெரியும்படி மறைப்பது. கருவிழி வெள்ளை விழிக்கு வெளியே வழியாமல் இருக்க மாஸ்க் வேண்டும், அதில் கேள்வியில்லை. ஆனால் முடிக்கற்றை ஒவ்வொன்றின் நிழலுக்கும், பாவாடை மடிப்பு ஒவ்வொன்றுக்கும் மாஸ்க் போடுகிறார்கள். ஒவ்வொரு மாஸ்க்கையும் தனியாக ஒருமுறை வரைந்துவிட்டுத்தான் அதற்குள் படத்தை வரைய முடியும். நகராத நிழலை முடியோடு சேர்த்தே வரைந்துவிட்டால் அந்த வேலை மிச்சம். படத்தை வளைக்க அதன்மேல் போடும் வலையான மெஷ்ஷின் புள்ளிகளுக்கும் இதே விதி: வாய்க்கும் இமைக்கும் நெருக்கமாக, சட்டைப் பொத்தானுக்கு நாலைந்து போதும்.

ரிக்கிங், அதாவது படத்துக்கு அசைவு கட்டும் வேலை, செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பொருளில் மூன்று பேராமீட்டரை (தலைத் திருப்பம், இமை மூடல் போன்ற அசைவு அளவுகளை), ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை வைத்துக் கட்டினால் 27 வடிவங்கள் வரும். நான்காவதையும் கட்டினால் 81. தலை திரும்புவதை மேலே உள்ள டிஃபார்மரில் (பல பாகங்களைச் சேர்த்து வளைக்கும் சட்டத்தில்) வைத்து, மற்ற அசைவுகளை உள்ளே தனித்தனியாகப் பிரித்தால் எண்ணிக்கை பெருகாது.

விராய்டு ஸ்டுடியோவில் செய்யும் 3டி மாடல்களில் பாரம் பெரும்பாலும் முடியில்தான் இருக்கும். விஆர்எம் என்ற 3டி அவதார் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போதே பாலிகனையும் (உருவத்தைக் கட்டும் சிறு பரப்புகளை) மெட்டீரியலையும் (மேற்பூச்சுகளை) குறைக்க அங்கேயே வசதி இருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தை அப்படியே கடந்துபோய்விடுகிறார்கள்.

மாடலைக் குறை சொல்வதற்கு முன் அறை விளக்கையும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், யாரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு, மானிட்டர் வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்து லைவ் போவோம். வெளிச்சம் போதாதபோது வெப்கேம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். 30 ஃபிரேம் 15 ஆகிவிடும், முகமும் கலங்கும். மாடல் எவ்வளவு லேசாக இருந்தாலும் பாதித் தகவலை வைத்துக்கொண்டு அதனால் ஓட முடியாது. இதோடு இன்னொரு தவறும் சேரும்: நடுக்கத்தை மறைக்க ஆப்பில் அசைவை மென்மையாக்கும் ஸ்மூத்திங்கை ஏற்றுவது. நடுக்கம் குறையும், ஆனால் வாய் குரலுக்குப் பின்தங்கும். முகத்துக்கு நேரே ஒரு மேசை விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்மூத்திங்கைக் குறையுங்கள். ஐபோனில் முகத்தைப் படிப்பவர்கள் வைஃபைக்குப் பதில் கேபிளில் இணைத்துப் பாருங்கள். வைஃபை தடுமாறுவதும் திக்கலாகத்தான் தெரியும்.

அவதாரைக் கேமின் மேல் காட்ட, பச்சைப் பின்னணி வைத்துக் கத்தரிப்பதையும் விட்டுவிடலாம். கன்னச் சிவப்பு, மூக்குக் கண்ணாடி போன்ற பாதி ஊடுருவித் தெரியும் பாகங்களில் பச்சை ஒட்டிக்கொள்ளும். விடியூப் ஸ்டுடியோ என்ற அவதார் ஆப்பில் பின்னணியை ஊடுருவ வைத்து, ஓபிஎஸ்ஸின் கேம் கேப்சரில் டிரான்ஸ்பரன்சியை அனுமதித்தால் சுத்தமாக வரும். லேப்டாப்பில் கறுப்பாக மட்டும் தெரிந்தால், இரண்டு ஆப்பும் வேறு வேறு ஜிபியுவில் ஓடுகின்றனவா என்று விண்டோஸின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் பாருங்கள்.

காசு கொடுத்து மாடல் செய்து வாங்கியவர்களின் கையில் பெரும்பாலும் மோக்3 கோப்பும் (லைவ்2டி மாடலின் ஏற்றுமதி செய்த வடிவம்) டெக்ஸ்சர் பிஎன்ஜிகளும் மட்டும்தான் இருக்கும். மோக்3-ஐத் திறந்து மெஷ்ஷையோ மாஸ்க்கையோ மாற்ற முடியாது. அதற்கு ரிக்கரிடம்தான் போக வேண்டும், ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே லைவுக்கு ஒரு லேசான வடிவத்தையும் கேட்டு வாங்குங்கள். டெக்ஸ்சரை மட்டும் நீங்களே குறைக்கலாம். மாடல் ஃபோல்டரை நகல் எடுத்து வையுங்கள். 8192 பிஎன்ஜியைச் சரிபாதியாக 4096-க்கு, எதையும் வெட்டாமல், பெயரை மாற்றாமல் சேமித்து அதே இடத்தில் வையுங்கள். படத்தின் எந்தப் பகுதி எங்கே ஒட்ட வேண்டும் என்பதை மாடல் விகிதமாகத்தான் வைத்திருக்கிறது, அதனால் எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். பிறகு நீங்கள் வழக்கமாக ஆடும் கேமைத் திறந்து, ஸ்டாட்ஸ் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ரெக்கார்ட் செய்து பாருங்கள்.