எச்ஐவி வைரல் லோட் (ரத்தத்துல இருக்கிற வைரஸோட அளவு) தெரியாத அளவுக்கு குறைஞ்சாச்சா? ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட்டையும் கேட்டு எடுங்க

தாம்பரம் ஏஆர்டி (எச்ஐவி மருந்து தர்ற) சென்டர்ல மாத்திரை வாங்குறவங்க நிறைய பேருக்கு இந்த சந்தேகம் இருக்கும், வைரல் லோட் தெரியாத அளவுக்கு குறைஞ்சிடுச்சு, அப்புறம் எதுக்கு வேற டெஸ்ட்னு. காரணம் இருக்குங்க. எச்ஐவி அடங்கினாலும் உள்ள ஹெபடைட்டிஸ் சி, பி (ரெண்டும் ஈரலைத் தாக்குறது), சிஎம்வி (சத்தமில்லாம உடம்புலயே தங்கிடுறது) மாதிரி வேற வைரஸ் இருந்தா, வைரஸ் புகுந்த செல்லை அழிக்கிற நம்ம சிடி8 எதிர்ப்பு செல்லுங்க ஓய்வே எடுக்காது, வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டே இருந்து ஓஞ்சு போகும், அந்த ஓயாத சண்டையால உள்ளுக்குள்ள வர்ற அழற்சியில ஈரல்ல தழும்பு சீக்கிரம் விழும், ஹார்ட்டுக்கும் நல்லதில்ல.

அதனால முதல்ல ஹெச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்), ஆன்டி ஹெச்சிவி (ஹெபடைட்டிஸ் சி டெஸ்ட்) ரெண்டும் எடுத்தாச்சான்னு உங்க ட்ரீட்மென்ட் புக்ல பாருங்க, இல்லன்னா டாக்டர்கிட்ட வாய்விட்டு கேளுங்க.

ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னா பயப்படாதீங்க, எச்ஐவிக்கு தர்ற டிஎல்டி மாத்திரைல இருக்கிற டெனோஃபோவிர், லாமிவுடின் ரெண்டுமே அந்த வைரஸையும் அடக்கும். ஆனா தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஹெபடைட்டிஸ் திடீர்னு கிளம்பி ஈரலே கெட்டுப்போகலாம், டாக்டர் மருந்து மாத்தினா கூட "எனக்கு பி இருக்கு"ன்னு ஞாபகப்படுத்துங்க. நெகட்டிவ்னா தடுப்பூசி போடுங்க, முழு கோர்ஸ் முடிஞ்சு 1-2 மாசத்துல ஆன்டிபாடி (ஊசியால உண்டாகுற எதிர்ப்பு சக்தி) அளவு 10க்கு மேல ஏறிருக்கான்னு பாக்கணும், ஏன்னா எச்ஐவி இருக்கிறவங்களுக்கு சில நேரம் ஊசி சரியா பிடிக்காது.

சி வந்தா அது முழுசா குணமாகுற நோய், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, 2018ல ஆரம்பிச்ச தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்துல ஃப்ரீ. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னு எல்லாத்தையும் சொல்லுங்க, எஃபாவிரென்ஸ்ங்கிற எச்ஐவி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு, ஹெபடைட்டிஸ் சிக்கு தர்ற டாக்லாடாஸ்விர் டோஸை டாக்டர் கூட்டணும். கீழாநெல்லி குடிக்கிறீங்கன்னா அதையும் மறைக்காதீங்க, அது மட்டும் குடிச்சுட்டு இருந்தா ஹெபடைட்டிஸ் சி போகாது.

சிஎம்வி நம்மூர்ல பெரும்பாலானவங்களுக்கு சின்ன வயசுலயே வந்திருக்கும், சும்மா அதுக்கு மருந்து தேவையில்ல, ஆனா சிடி4 (எச்ஐவி தாக்குற எதிர்ப்பு செல்லோட எண்ணிக்கை) 50க்கு கீழ இருந்து கண்ல பூச்சி பறக்குற மாதிரியோ மங்கலாவோ தெரிஞ்சா அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க.

இன்னொன்னு, சி குணமான பிறகும் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ்னுதான் வரும், அதனால ட்ரீட்மென்ட் முடிஞ்சு 12 வாரம் கழிச்சு எடுக்கிற ஹெச்சிவி வைரல் லோட் ரிப்போர்ட்டை பத்திரமா வச்சுக்கோங்க, வேற ஆஸ்பத்திரில கேட்டா அதைத்தான் காட்டணும்.