மேசா வெர்டே: எரிந்த காட்டில் செய்யக்கூடாதவை

ஊரிலிருந்து வரும் உறவினர்களை அமெரிக்காவின் கொலராடோவில், பழங்காலக் கல்வீடுகள் உள்ள மேசா வெர்டே தேசியப் பூங்காவுக்கு அழைத்துப்போவது என் பொறுப்பாகிவிட்டது. நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்தை ஒவ்வொரு குழுவும் புதிதாக அடிக்கிறது. தண்ணீர், தொப்பி, நல்ல ஷூ பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். கரிக்கட்டையாக நிற்கும் மரங்களைப் பார்த்ததும், இனிக் கெட இங்கே என்ன இருக்கிறது என்ற அலட்சியம் வந்துவிடுகிறதே, அதுதான் சிக்கல்.

கறுப்பெல்லாம் காட்டுத்தீ என்று நினைப்பது

1996, 2000, 2002 என்று அடுத்தடுத்து எரிந்த காடு இது. அதனால் பாறைக் குடைவின் கூரையில் கரியைக் கண்டதும், "ஐயோ, இதுவும் எரிந்ததா?" என்கிறார்கள். குடைவுக்குள் இருக்கும் கல்வீடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. அந்தக் கரி, 13-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே குடியிருந்த பியூப்லோ பூர்வகுடி மக்களின் அடுப்புப் புகை. தீயின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் மேட்டு நிலத்துக் கற்களைப் பாருங்கள். மஞ்சள் மணற்பாறை சூட்டில் சிவந்து, ஏடு ஏடாகப் பெயர்ந்திருக்கும். அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுக்காதீர்கள்.

பானை ஓடுகளைப் பொறுக்கிப் பரப்புவது

என் பொறுமையை இன்றும் சோதிப்பது இதுதான். பூங்காவின் வெதரில் மேசா பகுதியில் பாதையோரம் உறவுக்காரப் பையன் ஒருவன் குனிந்தான். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பானை ஓட்டுத் துண்டு. வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகள். எச்சில் தொட்டுச் சட்டையில் துடைத்தான், தட்டையான ஒரு கல்மேல் வைத்தான். அவ்வளவுதான். அத்தை ஒன்றைக் கொண்டுவந்தார், சித்தப்பா இரண்டு. சற்று நேரத்தில் அந்தக் கல் கொலுப்படி ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டால், "நாங்கள் என்ன திருடினோமா? நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே வைத்தோம்" என்று பதில் வருகிறது.

ஓடு கிடக்கும் இடத்தில்தான் சேதி இருக்கிறது. புதரும் சருகும் எரிந்து தரை வெளித்தெரிந்ததால், அதுவரை யாரும் பதிவு செய்யாத நூற்றுக்கணக்கான தொல்லிடங்கள் இங்கே கண்ணில் பட்டன. மண்ணும் நீரும் ஓடிவிடாமல் ஓடைகளின் குறுக்கே அடுக்கிய கல்தடுப்புகளும் அவற்றில் உண்டு. சுவர் எதுவும் எஞ்சாத இடத்தில், ஓடுகள் எங்கே செறிந்திருக்கின்றன, எங்கே அருகியிருக்கின்றன என்பதைக் கொண்டுதான் வீடு எது, குப்பைமேடு எது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஆறு இடத்து ஓடுகளை ஒரே கல்லில் குவித்தால் அந்தக் கணக்கே குழம்பிவிடும். துடைப்பதும் கேடுதான். நியூ மெக்சிகோவில் பியூப்லோ முன்னோர் வாழ்ந்த சாக்கோ கேன்யனில் கொக்கோ அருந்தினார்கள் என்பது, பானையோட்டில் ஊறிப்போயிருந்த எச்சத்தை ஆராய்ந்துதான் 2009-இல் வெளியே தெரிந்தது.

"சரி, எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறோம்" என்பார்கள். எந்த இடம்? நின்ற இடத்திலிருந்து ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுவார்கள்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் கதையே வேறு. 1979-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஹோப்பி, சூனி உள்ளிட்ட பியூப்லோ மக்களுக்கு இது முன்னோர் வாழ்ந்த வீடு என்பது வேறு.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். கிடக்கிறபடியே படம் எடுங்கள். இணையத்தில் போடும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள். அபூர்வமாக ஏதாவது தென்பட்டால் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

காற்றடிக்கும்போது பட்டமரத்தடியில் நிற்பது

வேண்டாம்.

வழியில் நிழல் கிடைக்கும் என்று நம்புவது

எரிந்த பகுதியில் கிடைக்காது. இங்குள்ள பினியன் பைன், ஜூனிபர் மரங்கள் பழையபடி அடர்ந்து நிற்க நூற்றாண்டுகள் ஆகும்.

டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று வருவது

பாறைக் குடைவுக் குடியிருப்புகளான கிளிஃப் பேலஸ், பால்கனி ஹவுஸ் இரண்டுக்குள்ளும் ரேஞ்சருடன்தான் போக முடியும். முன்பதிவு இணையத்தில், சீசனில் சட்டென்று தீர்ந்துவிடும். பால்கனி ஹவுஸில் 32 அடி ஏணி ஏறி, தவழ்ந்து போகும் இடுக்கு ஒன்றையும் கடக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களிடம் இதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோடையில் போனால் ஸ்டெப் ஹவுஸ் என்ற இன்னொரு குடைவுக் குடியிருப்பு இருக்கிறது. அதற்கு டிக்கெட் தேவையில்லை. ஆனால் திரும்பும் வழி முழுக்க ஏற்றம்.