மாலைப் பரபரப்பைக் குறைத்து, ஒரு விளையாட்டுக்கும் இடம் பிடிப்பது எப்படி?

வேலைக்குப் போகும் பெற்றோரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் நாள் முழுக்க நிதானமாக இருப்பது நடக்காத காரியம். வீடு திரும்பியதிலிருந்து படுக்கப் போகும் வரை உள்ள நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கோபமும் கத்தலும் அதிகம் இருந்தது அப்போதுதான். இப்போது சிரிப்பு அதிகம் கேட்பதும் அதே நேரத்தில்தான். இதற்காகப் புதிதாக நேரம் எதுவும் ஒதுக்கவில்லை. வேலைகளின் வரிசையை மாற்றினோம், விளையாட்டுக்கு ஒரு தெளிவான முடிவு வைத்தோம்.

படி 1: தூங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இது. எட்டு வயதுப் பிள்ளை காலை 6:30க்கு எழ வேண்டுமென்றால் இரவு 9:00க்கு உறங்கியிருந்தால் நல்லது. அப்படியானால் 8:30க்குப் படுக்கை, 8:00க்கு டிவி, ஃபோன் எல்லாம் ஓய்வு. இரவில் பிரகாசமான வெளிச்சம், தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மிச்சம் இருக்கிற நேரத்துக்குள்தான் உணவு, வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லையா? ஏதாவது ஒரு வகுப்பையோ வேலையையோ குறையுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

படி 2: வந்தவுடன் கேள்வி கேட்காதீர்கள்

"டெஸ்ட்ல எவ்வளவு? வீட்டுப்பாடம் இருக்கா? ஏன் சட்டை இப்படி அழுக்கா இருக்கு?" எல்லாமே கேட்க வேண்டியவைதான், ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கேட்கலாம். பகல் முழுக்கச் சொன்னபடி உட்கார்ந்து, சொன்னபடி வரிசையில் நின்று வந்த பிள்ளைக்கு வாசலிலேயே இன்னொரு விசாரணை வேண்டாம். பையை வைக்கட்டும், தண்ணீர் குடிக்கட்டும், பக்கத்தில் வந்து சாயட்டும்.

பெரியவர்களுக்கும் இதே விதிதான். அலுவலகத்தில் பாதியில் விட்ட வேலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கதவைத் திறக்கும் முன் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்தாறு முறை. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றே தணிக்கும். அதனால்தான் விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும்.

படி 3: சீக்கிரம் முடிகிற விளையாட்டை எடுங்கள்

வார நாட்களுக்கு என் முதல் தேர்வு ஜெங்கா: மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக உருவி மேலே வைக்கிற ஆட்டம். லெஸ்லி ஸ்காட் என்பவர் தன் குடும்பத்தில் மரக்கட்டைகளை அடுக்கி ஆடிய ஆட்டத்தை வளர்த்தெடுத்து 1983இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார். மொத்தம் 54 கட்டைகள். கோபுரம் சரிந்தால் ஆட்டம் முடிந்தது, அதில் யாரும் வாதாட முடியாது. ஊனோ என்ற சீட்டாட்டமும் நல்லதுதான், ஆனால் விதிப்படி 500 புள்ளி வரை போனால் இரவு உணவு ஆறிவிடும். ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். சீட்டாட்ட விதியில் வீட்டுக்குள் வந்த வாக்குவாதத்தால் 1971இல் ஒஹையோவைச் சேர்ந்த முடிதிருத்துநர் மெர்ல் ராபின்ஸ் உருவாக்கிய ஆட்டம் அது. எனவே ஊனோ விதிகளைப் பற்றி உங்கள் வீட்டில் சண்டை வந்தால் கவலைப்படாதீர்கள், ஆரம்பிக்கும் முன்பே எந்த விதி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீண்டுகொண்டே போகும் மோனாப்பொலி விடுமுறை நாளுக்கு.

கையில் எதுவும் இல்லையென்றால் சைகையில் நடித்துக் காட்டி மற்றவர்கள் கண்டுபிடிக்கிற ஆட்டமே போதும். பதினைந்து, இருபது நிமிடம். வீட்டுப்பாடத்துக்கு முன்பா, பின்பா என்று கேட்டால், முன்பு என்றுதான் சொல்வேன். சிரித்துவிட்டு உட்காரும் பிள்ளை சண்டை போடாமல் உட்காருகிறது.

படி 4: அழுகையில்லாமல் முடிப்பது

எங்களுக்கு நிறைய நாள் பிடித்தது இந்தப் படிக்குத்தான். விளையாட்டைத் தொடங்குவது சுலபம். அது அழுகையில் முடிந்தால், அடுத்த நாள் தொடங்கவே பெரியவர்களுக்கு மனசு வராது.

சிறு பிள்ளைகளுக்கு "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது வெறும் சத்தம். நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மணல் கடிகாரம் அல்லது வண்ண வட்டம் சுருங்கிக்கொண்டே வரும் டைமர் வாங்குங்கள். ஃபோன் டைமர் வேண்டவே வேண்டாம். அணைக்கப் போன கை அப்படியே மெசேஜ் பார்க்கப் போய்விடும், பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மணல் கடிகாரத்தில் பிளாஸ்டிக் உடல் கொண்டதாகப் பார்த்து எடுங்கள். கவிழ்த்து வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

பாதி மணல் இறங்கியதும் சொல்ல வேண்டும். அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தால் பலன் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் கையில் இருக்கும் கட்டையை வைத்து முடிக்கிற வரை பொறுத்து, "பாதி இறங்கிடுச்சு கண்ணா, பாரு. இதுதான் கடைசி ஆட்டம். முடிஞ்சதும் கட்டையை யார் அடுக்குறது?" என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். மூன்று மூன்றாக 18 அடுக்கு, எண்ணிக்கொண்டே அடுக்க வேண்டும், கடைசி அடுக்கு சின்னவருக்கு. எடுத்து வைப்பதும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டால் 'நிறுத்து' என்ற சொல்லுக்கே வேலை இருக்காது.

அப்படியும் அழுதால்? "இன்னும் ஆடணும்னு இருக்கு, இல்லையா?" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொரு ஆட்டம் தராதீர்கள். ஒரு நாள் தந்தால் மறுநாள் அழுகை இன்னும் நீளும். அதே சமயம் நீங்களும் மணல் இறங்கும் முன்பே எழுந்து போகக் கூடாது. சொன்ன நேரம் இரண்டு பக்கமும் சொன்ன நேரமாக இருந்தால்தான் பிள்ளை அதை நம்பும்.

படி 5: வாரம் ஒரு குடும்பக் கூட்டம்

உளவியலாளர் ஆல்ஃப்ரெட் அட்லரின் வழியில் வந்த ருடால்ஃப் டிரைக்கர்ஸ் பெரிதும் வலியுறுத்திய முறை இது. பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கு நிகரான குரல் உண்டு. கால் மணி நேரம் போதும். முதலில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஒரு நன்றி சொல்வது, அடுத்து ஏதாவது ஒரே ஒரு பிரச்சினை, கடைசியாக வரும் வாரத்துக்கான விளையாட்டு. முடிவுகளை வெள்ளைப் பலகையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். குடும்ப நாட்காட்டிச் செயலிகள் சிலவற்றைப் பார்த்தேன், எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவை பெரியவர்களின் ஃபோனுக்குள்ளேயே கிடக்கும், ஆறு வயதுக்காரருக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த சிக்கல்கள்

தம்பி தங்கையிடம் தோற்றால் மூத்த பிள்ளை கோபிப்பதாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டங்களுக்கு மாறிப் பாருங்கள். 2008இல் வந்த பாண்டெமிக் அந்த வகையில் புகழ்பெற்றது. ஆனால் அது முக்கால் மணி நேரம் பிடிக்கும், விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெங்காவிலேயே, சரியும் முன் எல்லோருமாக எத்தனை அடுக்கு உயர்த்துகிறோம் என்று பார்த்தால் அதுவும் கூட்டு ஆட்டமாகிவிடும்.

பதின்வயதினர் உட்கார மறுக்கிறார்களா? கட்டாயப்படுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் ஆட்டத்தையும் விதியையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும், அதில் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். அது வீடியோ கேம் என்றாலும் சரி.

ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், மாலைக்குப் பதில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம். சட்டை, பை எல்லாம் முந்தின இரவே தயாராக இருந்தால் அது கிடைக்கும். குடும்பக் கூட்டத்தை எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாரா வாரம் கிழமை மாறினாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டம் எப்போது என்பதை மட்டும் அன்றே பலகையில் எழுதிவிடுங்கள்.