ஏற்காட்டு ரோஜா சேலத்தில் வாடாமலிருக்க

கோடை விழாவுக்குப் போனால் ரோஜாச் செடி வாங்காமல் இறங்க மனசு வராது. சுமார் 1500 மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்த செடியை அன்றைக்கே சேலத்து மொட்டைமாடியில் நட்டு வெயிலில் வைத்துவிடுகிறோம். மறுநாளே தலை தொங்கிவிடும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் வேர் நுனியை ஒட்டிய மெல்லிய வேர்த்தூவிகள்தான். கவரைக் கிழித்து மண்ணை உதறும்போது அவை அறுந்துபோகும். இலைகளோ, அடிப்பக்கத்து நுண்துளைகள் வழியாக நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படித்தான் வெளியேறுகிறது. அந்த இழுப்பில்தான் வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது. ஆக, வரவு குறைந்த நேரத்தில் செலவைக் குறைக்க வேண்டும்.

முதல் வாரம் கவரோடே நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் பழக்குங்கள். மொட்டுகளையும் இலைகளில் மூன்றில் ஒரு பங்கையும் கிள்ளிவிடுங்கள் (மொட்டைக் கிள்ள மனம் வராதுதான்). நடுவது சாயங்காலம், மண்கட்டி உடையாமல்.

மதியம் மட்டும் வாடி, இரவில் நிமிர்ந்துவிட்டால் பயமில்லை. காலையிலும் தொங்கினால் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்: காய்ந்திருந்தால் தண்ணீர், சொதசொதவென்றிருந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது, நிறுத்துங்கள்.