கிளினிக்கல் சைக்காலஜி: சேருமுன், கற்பிக்குமுன்

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்த கையோடு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து சிகிச்சை தரும் உளவியலாளர் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், ஆர்.சி.ஐ. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் தகுதிகளில் ஒன்று, முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையில் நடக்கும் 2 ஆண்டு முழுநேர எம்.பில்.

எம்.பில்.லையே பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) 2022-ல் நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு தந்தது. அதனால் பணம் கட்டுமுன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் முழுப்பெயர், எந்த ஆண்டுச் சேர்க்கை வரை அனுமதி என மூன்றையும் பாருங்கள். சிறப்புக் கல்விக்கு வாங்கிய அனுமதி கிளினிக்கல் சைக்காலஜிக்குச் செல்லாது. பிராஸ்பெக்டஸில் அச்சடித்திருப்பது சான்று ஆகாது.

சேர்ந்தபின் ஆளை உருவாக்குவது, வந்தவர் சொல்வதை எழுதிவைக்கும் கேஸ் ஷீட்தான். "ரெண்டு மாசமா நெஞ்சு படபடங்குது, பஸ்ல ஏறவே பயமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். புதியவர்கள் "பதற்றக் கோளாறு" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பஸ்ஸில் எது பயம்? நாலு பேர் பார்ப்பார்களே என்றா, நடுவழியில் மூச்சு முட்டினால் இறங்க முடியாதே என்றா, முன்பு பார்த்த விபத்தின் நினைவா? ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயறிதலுக்கு இழுத்துப் போகும். கேட்காமல் விட்டால் சிகிச்சையும் தப்பான இடத்தில் தொடங்கும்.

சோதனைகளிலும் இதே கறார் வேண்டும். குழந்தையின் அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத் சோதனையின்போது பக்கத்தில் இருக்கும் அம்மா ஒரு விடையை எடுத்துக் கொடுத்தாலும் மதிப்பெண் கெட்டுவிடும். அம்மாவை முதலிலேயே வெளியே உட்காரவைப்பது நல்லது. குழந்தை அழுதால் அறைக்குள்ளேயே, அதன் முதுகுக்குப் பின்னால்.

கற்பிக்க இரண்டு வழி. கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக, முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் போதும். நெட் 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண். தவறுக்குக் கழிப்பில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். ஆர்.சி.ஐ. அனுமதித்த கிளினிக்கல் படிப்பில் கற்பிக்க நெட் மட்டும் கைகொடுக்காது. கிளினிக்கல் தகுதியும் பதிவும் கேட்பார்கள்.

வகுப்பில் கேஸ் சொல்லும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், எத்தனை பிள்ளைகள் என்பதையும் மாற்றுங்கள். சின்ன ஊரில் "ரைஸ் மில் வைத்திருப்பவர்" என்றாலே மாணவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.