அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் முன்னாள் படைவீரர்களுக்கு

9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் (படைவீரர்களுக்கான அரசுக் கல்வி உதவித் திட்டம்) உதவிக்கு, படைவீரர் நலத்துறை இணையதளத்தில் 22-1990 படிவத்தை நிரப்புங்கள். தகுதிச் சான்று வந்ததும் பல்கலைக்கழகத்தின் சான்றளிக்கும் அலுவலரிடம் கொடுங்கள். உங்கள் பாடங்களை அவர் படைவீரர் நலத்துறைக்குத் தெரிவித்தால்தான் பணம் வரும். அதனால் ஒவ்வொரு பருவமும் அவரைப் பாருங்கள்.

பலர் தடுமாறுவது வீட்டு வாடகைப் படியில்தான். முழுநேரப் பாடச்சுமையில் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். எல்லாமே ஆன்லைன் என்றால் படி வெகுவாகக் குறையும். ஒரு வகுப்பாவது நேரில் எடுப்பது நல்லது. படிப்பைத் தொடர்வதாக மாதாமாதம் படைவீரர் நலத்துறைக்கு உறுதிசெய்யுங்கள், அடுத்தடுத்து இரண்டு மாதம் தவறினால் படி நின்றுவிடும். பாடத்தைப் பாதியில் விடுமுன் அலுவலரிடம் கட்டாயம் பேசுங்கள். விட்டால், வாங்கிய பணம் நீங்கள் திருப்பிக் கட்டவேண்டிய கடனாக மாறக்கூடும்.

படையில் பெற்ற பயிற்சிக்கும் பல்கலைக்கழகத்தில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட மதிப்பு) கேளுங்கள், கேட்காமல் கிடைப்பது அரிது.